ரத்னபாய் பேரில் ஒரு லைன்

செங்கல் ஊர்க் கோயிலுக்குப் போகும் வழியில் ரத்னபாயின் வீட்டு முன்னறையைச் சத்தியராஜ் வாடகைக்குப் பிடித்தது அறைக்காக அல்ல, அதற்குள் இருந்த டெலிபோனுக்காக. 1999 ஜூன் மாதம். கடைக்குக் கடை ஒரு ரூபாய் போட்டுப் பேசும் போன் தொங்கிய காலம் அது. அதேபோல் காசு போட்டால் பத்து நிமிடம் இன்டர்நெட் ஓடும் கம்ப்யூட்டர் இரண்டை அவனே பெட்டி கட்டி, பாறசாலையிலிருந்து ஆட்டோவில் ஏற்றி வந்து இறக்கினான். புது லைன் வேண்டுமென்றால் வருஷக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். இங்கே லைன் இருந்தது, பேசத்தான் ஆள் இல்லை.

ரத்னபாய் இறந்து நாலு வருஷம். அவள் தம்பி எலியா காஞ்சிரங்குளத்திலிருந்து பில் கட்டி லைனைக் காப்பாற்றி வந்தார். சாவியை நீட்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மக்கா, பேரை மாத்த எழுதிக் குடுத்தா லைனைப் பிடுங்கிட்டுப் போயிருவானுவ. அக்காக்க பேருலேயே கெடக்கட்டு. யாராவது கேட்டா, அவ உள்ள இருக்கான்னு சொல்லு."

"எப்பிடி இறந்தாங்க?"

"மகன் விஜயதாஸ் குவைத்துல இருந்தான். சண்டை வந்த வருஷம் காணாமப் போனான். போன் வரும் வரும்னு அதுக்க பக்கத்துலேயே கெடந்து செத்தா."

தன் மனைவி ஷைலஜாவும் குவைத்தில்தான் நர்ஸ் என்பதைச் சத்தியராஜ் சொல்லவில்லை. இந்தப் பக்கம் குவைத்தில் ஆள் இல்லாத வீடு எது? கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இருவரும் சேர்ந்து இருந்தது பதினொரு வாரம். முப்பதாம் தேதி அவள் இன்னும் இரண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். கோழிப்பண்ணை, காசெட் கடை என்று கணவன் கவிழ்ந்ததையெல்லாம் பார்த்தவள், கறாராகச் சொல்லிவிட்டாள்: "வாயால சொன்னா நம்ப மாட்டேன். உங்க மெஷின்லேருந்து எழுத்து வரட்டு. நான் வாறேன்."

அவனுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு மெயில் போய்ச் சேர வேண்டும் என்பதுதான்.

மூன்றாம் நாள், குடையை மடக்கிக்கொண்டு டெலிபோன் ஆபீஸிலிருந்து ஒருவர் சரிபார்க்க வந்தார்.

"ரத்னபாய் உண்டா?"

"உண்டு சார். உள்ள படுத்திருக்காங்க. நடக்க வய்யாது."

நாக்கு கூசாமல் சொல்லிவிட்டான். வந்தவர் அவன் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். முகம் இளகியது.

"இருக்கட்டு அம்மா, எழும்பாண்டாம்," என்றார். ஏட்டில் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சத்தியராஜ் மெல்லத் திரும்பினான். அவன் கையாலேயே தாழ் போட்டிருந்த உள்கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

அன்றிலிருந்து லைன் பிடிக்கவில்லை. மோடம் டயல் செய்யும், கீச்சிடும், சட்டென்று அறுந்துபோகும். ரிசீவரை எடுத்தால் டயல் டோன் இராது. வெறும் மூச்சு. கிழ மூச்சு, இழுத்து இழுத்து. அறையில் நீலகிரித் தைல வாடை அடித்தது. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போகவில்லை. வயரில் ஈரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முழு வயரையும் மாற்றினான்.

மூச்சு மாறவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கெல்லாம் அறை இருட்டிவிட்டது. பன்னிரண்டாவது தடவையாக டயல் செய்தபோது கரண்ட் போனது. இரண்டு திரையும் அணைந்தன. ஃபேன் நின்றது. ஓட்டில் மழை விழும் சத்தம் மட்டும்.

மோடத்தின் சிவப்பு விளக்கு அணையவில்லை.

அதன் சின்ன ஸ்பீக்கரில் ஏதோ உரசியது. பிறகு, மிகவும் தாழ்ந்த குரலில்:

"தாஸா?"

சத்தியராஜ் மோடத்தின் பக்கம் திரும்பினான்.

"தாஸா... எலே மக்கா, நீதானா?"

ஓடியிருக்கலாம். ஓடினால் நாளைக்கு ஷைலஜா கையெழுத்துப் போட்டுவிடுவாள். பயத்தைவிட அந்த நினைப்புதான் அவனை அதிகமாக உலுக்கியது. அழாத குறையாகக் குனிந்து பேசினான்.

"நான் தாஸ் இல்ல மாமி. சத்தியராஜ். எனக்க பெண்டாட்டிக்கு ஒரு எழுத்து போகணும். ஒரே ஒரு எழுத்து. லைனை விட்டுக் குடுங்க."

"அவ எங்க?"

"குவைத்துல, மாமி."

மூச்சு நின்றது. மழை கூட நின்றதுபோல் இருந்தது.

"குவைத்துலயா?"

"ஆமா..."

"எந்த ஆசுபத்திரி?"

அவன் ஆஸ்பத்திரி பேரைச் சொன்னான். வார்டையும் சொன்னான். கேட்டதற்கெல்லாம் சொன்னான்.

கரண்ட் வந்தது. டயல் செய்யாமலேயே லைன் பிடித்திருந்தது. அவசரமாகத் தட்டினான்: கடை ரெடி. கையெழுத்துப் போடாதே. வா. மெயில் போய்விட்டது. தைல வாடையும் போய்விட்டது. பாவம், மனசு இளகிவிட்டாள் கிழவி என்று நினைத்துக் கண் கலங்கினான்.

ஆனாலும் அந்த அறையில் இன்னொரு நாள் உட்காரத் துணிவில்லை. மறுநாள் காலையிலேயே டெலிபோன் ஆபீஸுக்குப் போய், சந்தாதாரர் இறந்துவிட்டார் என்று உள்ளதை எழுதிக் கொடுத்தான். லைன்மேன் கூடவே வந்து, கம்பத்தில் ஏறி வயரை அறுத்துச் சுருட்டினான். தொழில் போனால் போகட்டும், ஷைலஜா வந்ததும் இருவருமாக வேறு இடம் பார்க்கலாம். மனசு லேசாகிப் பாறசாலைக்கு பஸ் ஏறினான். அங்கே ஒரு பூத்திலிருந்து அவளைக் கூப்பிட்டான்.

"மெயில் கிடைச்சுதா?"

"கிடைச்சுது." குரல் தூரத்தில் இருந்தது. "ஆனா நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"ஷைலஜா! ஏன்?"

"ரத்னபாய் மாமிக்கு இங்க வேற ஆரு உண்டு? நேத்து சாயங்காலத்துலேருந்து வார்டு போன்ல கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. ஆசுபத்திரி ஆசுபத்திரியா, ஜெயில் ஜெயிலா தேடச் சொல்லுதாங்க. மகன் கிடைக்காம நான் ஊருக்கு வரப்பிடாதாம்."

"இப்பவும் கூப்பிடுதாங்களா?"

"இப்ப, அரை மணிக்கு முன்னகூட கூப்பிட்டாங்க."

வயரை அறுத்து இரண்டு மணி நேரமாகியிருந்தது. அவன் ரிசீவரை இறுக்கிப் பிடித்தான். அந்தப் பக்கம் வேறொரு போன் மணியடிப்பது கேட்டது.

"இஞ்ச பாருங்க, நான் வைக்கட்டா?" என்றாள் ஷைலஜா. "மாமி கூப்பிடுதாங்க."