இன்னும் பத்துப் பேருக்கு இடமிருக்கு!

"ஐயையோ... கண்ண பாருங்களேன்... மஞ்சளா கெடக்கே!"

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், ஆறாம் நம்பர் லயத்திலிருந்து அலறல் கிளம்பியது.

ரப்பர் பால் வெட்டப் போக வேண்டிய கந்தையா, கட்டிலில் விறைத்துக் கிடந்தார். ருவான்வெல்லைப் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் இரண்டே மாதத்தில் இது ஐந்தாவது சாவு!

ஐந்து பேருமே மாத்திரை விழுங்கியவர்கள்.

கலைச்செல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். இதே லயத்தில் பிறந்து, கம்பியூட்டர் படித்து, தோட்டத்து டிஸ்பென்சரியில் நடக்கும் எலிக்காய்ச்சல் மாத்திரை ஆய்வில் பதிவு எழுதுபவள் அவள். அவளுடைய அம்மா ஜெயம்மாவும் அந்த ஆய்வில் ஓர் ஆள். நூற்றுப்பதினேழாம் நம்பர்!

பதினொரு மணிக்கு ரப்பர் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து, அம்மா அடுத்த மாத்திரையை விழுங்குவாள்.

இப்போது மணி பத்தரை.

பொலிசுக்குப் போன் போட்டுவிட்டு டிஸ்பென்சரிக்கு ஓடினாள்.

டொக்டர் ஞானசேகரம் இடியப்பத்தைச் சொதியில் குழைத்துக்கொண்டிருந்தார். கொழும்பிலிருந்து வந்து ஆய்வை நடத்துகிற பெரிய மனிதர்!

"டொக்டர்... அறுபத்திமூணாம் நம்பர் கந்தையா மாமா செத்துட்டாரு!"

"அப்பிடியோ?" விரலை நக்கினார். "விலகினவர் எண்டு போடும்."

"செத்தவர எப்புடிங்க விலகினவர்னு போடுறது? மத்த நாலு பேரையும் அப்புடித்தான் போட வச்சீங்க!"

"பிள்ளை, அந்த சொஃப்ட்வெயாரில நம்பர் அடிச்சது ஆர்? நீர்தானே? அது என்ன சொன்னது?"

சொன்னது என்னவோ உண்மைதான். மாத்திரை வேலை செய்கிறதா இல்லையா என்று நம்பிச் சொல்ல எத்தனை பேர் வேண்டும் என்று அந்த மென்பொருள்தான் கணக்குப் போட்டது. இருநூறு பேர்! குறைந்தால் முடிவை நம்ப முடியாது. ஊர் மாறிப் போகிறவர்கள், மாத்திரை வேண்டாம் என்கிறவர்கள் இருப்பார்களே... அதற்காக மேலே இன்னும் இருபது.

"அந்த இருபதில ஒன்பது போச்சு. இவரோட பத்து. இன்னும் பத்துப் பேருக்கு இடமிருக்கெல்லே? செத்ததெண்டு எழுதினா இண்டைக்கே ஆய்வை நிப்பாட்டச் சொல்லுவாங்கள். ரெண்டு வருச வேலை! ஏன் பதறுறீர்?"

இன்னொரு இடியப்பம் உள்ளே போனது.

தூ! இவனெல்லாம் ஒரு மனுசனா?

லயத்துச் சனம் சாவதற்கென்றே இடம் பிடித்து வைத்த மாதிரியல்லவா பேசுகிறான்! அந்த இருபதை அடித்தது தன் விரல்தான் என்று நினைத்தாள். கையைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்தாள்.

வெளியே ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் ஹில்மி உள்ளே வந்தார்.

"செல்லுங்க டொக்டர்... அந்த மனிசனுக்கு என்ன நடந்த?"

"கசிப்பு, இன்ஸ்பெக்டர். இந்தச் சனம் குடிச்சுக் குடிச்சே சாகும்."

"பொய் சார்!" கலைச்செல்வி வெடித்தாள். "கந்தையா மாமா ஒரு சொட்டு தொட்டதில்ல!"

"அப்ப மாத்திரையில ஏதும்...?"

"சேச்சே! பாதிப் போத்தலில மருந்து, மற்றப் பாதியில வெறும் மாவு மாத்திரை. எது எதில எண்டு எனக்கே தெரியாது. அதுதான் இந்த ஆய்வின்ர நேர்மை!"

நேர்மையாம்... நேர்மை!

கலைச்செல்வி அலுமாரியைத் திறந்து அம்மாவின் போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அப்புடின்னா ஒண்ணு முழுங்கிக் காட்டுங்க டொக்டர். அம்மாவுக்கும் தைரியமா இருக்கும்."

ஞானசேகரத்தின் கை பாதி வழியில் நின்றது.

"பொறும்... ஒரு மெசேஜ்..." போனை மேசைக்குக் கீழே பிடித்து, விரலால் இரண்டு தள்ளு தள்ளினார். பிறகு நூற்றுப்பதினேழை ஒதுக்கிவிட்டு, அலுமாரியிலிருந்து நூற்றுப்பதினெட்டை எடுத்தார்.

"எதெண்டா என்ன? எல்லாம் ஒண்டுதான்!"

விழுங்கினார். தண்ணீர் குடித்தார். இளித்தார்.

"பாத்தீரோ? குண்டுக்கல்லு மாதிரி இருக்கிறன்!"

"டொக்டர்..." கலைச்செல்வி மெதுவாகச் சொன்னாள். "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நேத்து சாயந்தரமே அம்மா போத்தல் லேபலையும் இந்த நூத்திப்பதினெட்டு லேபலையும் மாத்தி ஒட்டிட்டேன்."

இளிப்பு அப்படியே செத்தது.

அடுத்த நொடி... தொண்டைக்குள் இரண்டு விரல்!

"உவ்வே...க்!"

இடியப்பமும் சொதியும் இன்ஸ்பெக்டரின் சப்பாத்தில் விழுந்தன.

"ஐயோ... கெதியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ! அது ஈரலை எரிச்சுப்போடும்! அந்த அஞ்சு பேரையும் முடிச்சது அதுதான்...!"



ஹில்மி தன் சப்பாத்தைப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். மேசையிலிருந்த போனை எடுத்தார். திரையில் பட்டியல் இன்னும் திறந்தே இருந்தது. நூற்றுப்பதினேழு, மருந்து. நூற்றுப்பதினெட்டு, மாவு.

"எனக்கே தெரியாதுன்டு செல்லினீங்களே டொக்டர்?"

"பிறகு கதைப்பம்! முதல்ல ஆஸ்பத்திரி...!"

"ஆஸ்பத்திரி எதுக்கு சார்?" என்றாள் கலைச்செல்வி. "நான் எந்த லேபலையும் மாத்தல. லிஸ்ட்ட பாத்து அவரே எடுத்தாரு... அவரு முழுங்கினது வெறும் மாவு!"

 ஞானசேகரத்தின் தாடையில் ஓர் இடியப்ப இழை தொங்கியது. பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். கலைச்செல்வி வாசலுக்குப் பாய்ந்தாள்.

"அம்மா! மாத்திரைய தொடாதீங்க! யாருமே தொடாதீங்க!"

மாத்திரைக்காக நீட்டிய கையை ஜெயம்மா இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் மகளுக்கு மூச்சே வந்தது.

திரும்பி வந்து கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நான்கு பெயர்களுக்கு எதிரே 'விலகினவர்' என்று இருந்ததை அழித்தாள். 'இறந்தவர்' என்று அடித்தாள். ஐந்தாவதாகக் கந்தையாவின் பெயருக்கு வந்தபோது கண்ணீர் மறைத்தது. அந்த இருபதில் நிஜமாகவே விலகியவர்கள் ஐந்து பேர்தான்.

விலங்கு மாட்டிய ஞானசேகரம் வாசலில் நின்று கத்தினார்.

"நான் இல்லாட்டி இந்த ஆய்வே நிண்டு போகும்!"

ஹில்மி மூக்கைப் பொத்திக்கொண்டு, கம்பியூட்டரை எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"இவர எதில போடுற பிள்ள?"

"விலகினவர்ல போட்டுருவோம் சார்... கூட்டாளிங்க யாராவது இருந்தா அவங்களையும் அள்ளிட்டுப் போங்க. இன்னும் பதினாலு பேருக்கு எடமிருக்கு!"