ஆளில்லாத அறைகள்

"எல்லாப் படத்துலயும் ஒரு அம்மாவை நிக்க வெச்சிருக்கீங்களே, உங்க சொந்தமாங்க?" என்று பிரிண்ட் போடும் கடைக்காரர் போனில் கேட்டபோது அவள் சிரித்துவிட்டாள். வேறு யாருடைய படங்களையோ பார்த்துவிட்டுப் பேசுகிறார் என்று நினைத்தாள். அவள் எடுத்தவை எல்லாம் ஆளே இல்லாத அறைகள்.

பார்வை போன பிறகுதான் அவள் கேமராவைத் தொட்டாள். ஃப்ரிட்ஜின் முனகல், திரைச்சீலை ஜன்னல் கம்பியில் உரசும் சரசரப்பு, வெயில் பட்ட மேசையிலிருந்து கிளம்பும் மர வாசனை, எது எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் திருப்பிச் சொடுக்குவாள். என்ன விழுந்திருக்கிறதென்று தங்கை பார்த்துச் சொல்வாள். சரியான வாயாடி, ஒரு நாற்காலியைப் பற்றியே அரைமணி நேரம் அளப்பாள். அந்த வாயை நம்பித்தான் இவள் தன் முதல் கண்காட்சிக்குப் படங்களைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

"ஏய், கடைக்காரர் என்னமோ உளர்றாரு. படத்துல யாரோ ஒரு அம்மா நிக்குறாங்களாம்."

சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"உன்னைத்தான்டி."

"நீ பயந்துடுவியோன்னுதான் சொல்லலக்கா." தங்கை குழாயை மூடினாள். "முதல்ல ரொம்பத் தள்ளி, கதவுகிட்ட நின்னா. நிழல்னு விட்டுட்டேன். அப்புறம் படத்துக்குப் படம் கிட்ட வந்துட்டே இருந்தா. கேமராவையே பார்த்துக்கிட்டு."

"அப்போ இத்தனை நாளா வெயிலு, நாற்காலின்னு எனக்குக் காது குத்தினியா?"

"கேமராவை விட்டா நீ மறுபடியும் கட்டில்லயே முடங்கிடுவே. வேற என்ன பண்ணச் சொல்றே?"

 அவள் மேசையைத் தடவிக் கேமராவை எடுத்தாள். கழுத்துப் பட்டை அறுந்ததிலிருந்து வெறுங்கையில்தான் பிடிக்கிறாள்.

"காலைல எடுத்தது இதுல இருக்கு. பாரு."

தங்கை அருகில் வந்தாள். சோப்பு மணம். அக்காவின் கையிலிருந்த கேமராவைத் தொட்டு ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள்.

"இல்லக்கா. இதுல அவ இல்ல."

அப்பாடா என்றிருந்தது.

"விரல் மட்டும் விழுந்திருக்கு. லென்ஸ் ஓரத்துல."

"என் விரலா இருக்கும்டி. எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்கே."

தங்கை பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தினாள்.

"சொல்லு."

"உனக்கு இவ்வளவு நீளமா இல்லக்கா. நகமும் கறுப்பா..."

சோப்பு மணம் விலகியது. காலடிகள். பின்னோக்கி. தாழ்ப்பாள் இழுபடும் சத்தம்.

ஆனால் அவள் தோளருகே யாரோ மூச்சு விட்டார்கள்.

"அக்கா!" தங்கையின் அலறல் வாசலிலிருந்து வந்தது. "அதைக் கீழ போடு! போட்டுட்டு வா!"

விரல்களை விரித்தாள். ஒரு கை. மறு கை. இரண்டையும் இழுத்துக்கொண்டாள்.

கல் தரையில் கேமரா விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

விழவில்லை.

அவள் கைகள் விட்ட அதே உயரத்தில், மெல்ல, ஒரு சொடுக்கு.