மொட்டைமாடியில் இன்னொரு வெள்ளை

1849-ஆம் ஆண்டு வெனிஸ் நகரத்தின் மீது, குண்டு கட்டிய ஆளில்லா பலூன்கள் ஏவப்பட்டன. காற்று திசை மாறியதில் சில பலூன்கள் ஏவியவர்களின் பக்கமே திரும்பி வந்தன.

பயிற்சியின் முதல் நாள் பாடம் அது. அவனும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தவன்தான். இப்போது ட்ரோன் ஓட்டுகிறான். போர்முனைக்குப் போகுமுன், சொந்த ஊருக்கு மேல் பறந்து, முன்பின் தெரியாத யாரையாவது பின்தொடர்ந்து பழகுவது அங்கே வழக்கம். அன்று மாலை அவன் தன் வீட்டு மொட்டைமாடியைத் தேர்ந்தெடுத்தான். பக்கத்தில் உட்கார்ந்து கேமராவைத் திருப்பும் சோடாப்புட்டியிடம் அதைச் சொல்லவில்லை.

வெப்பக் கேமராவில் முகம் தெரியாது. உயிருள்ள உடல் வெள்ளை. சூடு ஆறிய உடல் சாம்பலாகித் தரையோடு கலந்துவிடும். கொடியிலிருந்து சேலையை உருவி மடித்துக்கொண்டிருந்த வெள்ளை, அவன் மனைவி. அவளுக்குப் பின்னால் இன்னொரு வெள்ளை. உயரமான ஆண். அவள் தோளில் கை.

அவன் தொட்டால், 'வேர்க்குது, எடுங்க' என்பாள். இந்தக் கையைத் தட்டிவிடவில்லை. ஏசியின் இரைச்சலும் சூடேறிய வயரின் வாடையும் நிறைந்த அந்த அறையில், அவன் திரைக்கு இன்னும் அருகே குனிந்தான்.

"குடுத்து வச்ச ஆளுண்ணே," என்றான் சோடாப்புட்டி. "எனக்கெல்லாம் துணி மடிக்கிற வேலைதான் கிடைக்கும்."

அவன் மேசைத் தொலைபேசியை எடுத்து மனைவியை அழைத்தான். திரையில் அவள் கை காதருகே போனது.

"தனியாவா இருக்க?"

"பின்ன? துணைக்கு ஊரையே கூட்டி வச்சிருக்கேனாக்கும்."

தோளில் அந்தக் கை அப்படியே இருந்தது.

"அண்ணே, அந்தாளு கொஞ்சம் மங்குற மாதிரி இல்ல?"

"ஆள விடாத. அவன் மேலயே வச்சிரு."

பைக்கை எப்படி ஓட்டினான் என்று தெரியாது. வாசலில் அவள் செருப்பு மட்டும் கிடந்தது. படியேறினான். மாடியில் வேறு யாரும் இல்லை. முதுகைக் காட்டி நின்றாள். கையில் அதே சேலை, அதே பாதி மடிப்பு. தலைக்கு மேலே, கொசு இரைவதுபோல் மெல்லிய ஓசை.

"எங்க அவன்?"

அவள் திரும்பவில்லை.

நெருங்கினான். தோளில் கை வைத்தான். தட்டிவிடவில்லை. ஒரு கணம் அது இனித்தது.

அவள் செல்போன் ஒலித்தது. அவன் அலுவலக எண். போனுக்குள்ளிருந்து வந்தது அவனுடைய குரலேதான்.

"தனியாவா இருக்க?"

"பின்ன?" என்றாள். "துணைக்கு ஊரையே கூட்டி வச்சிருக்கேனாக்கும்."

கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. கூப்பிடப் பார்த்தான். குரல் இல்லை. குளிர்.

மேலே கேமரா அசையவில்லை. சோடாப்புட்டி ஆளை விடவில்லை. திரையில் ஆண் உருவம் சாம்பலாகி, மாடித் தரையின் நிறத்துக்கு வந்தது. பெண் அடுத்த துணியை எடுத்தாள்.