கண்ணாடியில் ஒட்டிவைத்த ஓய்வு நாள்

ஓய்வு பெற்ற நாளை நினைத்து ஒரு பாட்டம் அழுது முடித்துவிட்டு, செண்பகம் பல் தேய்க்கப் போனாள். அவளுக்கு வயது இருபத்தொன்று. இன்னும் இறுதித் தேர்வுகூட எழுதவில்லை.

அதில் யாருக்கும் வியப்பில்லை. தூத்துக்குடிக் கடலில் மிதந்துகொண்டிருந்த அந்தப் பொறியியல் கல்லூரியின் பெண்கள் விடுதியில், கடைசிப் பருவம் வந்துவிட்டால் காலையில் எல்லோருடைய கண்ணும் சிவந்துதான் இருக்கும். சம்பளம் இவ்வளவு, விடுப்பு இவ்வளவு என்று ஆசை காட்டி ஆள் பிடிக்கிற பழக்கத்தை நிறுவனங்கள் எப்போதோ கைவிட்டிருந்தன. இப்போதெல்லாம் வேலைக்கு அழைப்பவர்கள் ஒரு முன்நினைவை அனுப்பினார்கள். குங்கும நிறத்தில் சின்னப் பொட்டு. அதை நெற்றிப்பொட்டில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினால், அந்த வேலையிலேயே ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்ற ஒரு மாலைப்பொழுதில் போய் உட்கார்ந்துவிடலாம். அங்கிருந்து திரும்பிப் பார்க்கும்போது மனம் எதற்காக ஏங்குகிறது என்பது தெரிந்துவிடும். முதன்முதலில் ஒட்டுகிறவரின் மனத்தோடு கலந்து அந்த நினைவு உறைந்துபோகும். பிறகு யார், எத்தனை முறை ஒட்டினாலும் அதே மாலை, அதே ஏக்கம்.

எந்தப் பொட்டு அதிகம் அழவைக்கிறதோ அதுதான் நல்ல வேலை. ஜாதகம் பார்ப்பதைக் காட்டிலும் இது எவ்வளவோ அறிவியல்பூர்வமானது என்று பெற்றோர்களும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

செண்பகத்துக்கு இரண்டு அழைப்புகள் வந்திருந்தன. ஒன்று, மன்னார் வளைகுடாவில் பவளத் தோட்டம் வளர்க்கும் வேலை. மற்றது, நிலாவின் தென்முனையில் பனி உருக்கும் ஆலை. நிலாவுக்குப் போகிறவர்கள் திரும்புவதில்லை. அங்கே சில வருடம் இருந்தால் எலும்பு தளர்ந்துவிடும், பிறகு பூமியில் எழுந்து நிற்கவே முடியாது. ஆனால் பெருமை முழுக்க அதில்தான். சாயங்காலத்துக்குள் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பவளத் தோட்டத்தை முந்தின நாளே ஒட்டிப் பார்த்துவிட்டாள். கண்ணோரம் லேசாக ஈரமானது, அவ்வளவுதான். இன்று காலை நிலாவை ஒட்டினாள். அப்பப்பா, என்ன அழுகை.

ஒரு நாற்காலி, எதிரே வெறும் சுவர். கொஞ்ச நேரத்தில் சுவர் கரைந்து கல்லூரிக் கேன்டீன் வந்தது. அலைக்குக் கட்டடம் சாயும்போதெல்லாம் தம்ளரில் தேநீரும் கூடவே சாய்ந்தது. எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடும் பரிமாறும் ரோபோ, கேட்டாலும் கேட்காவிட்டாலும் வாழைக்காய் பஜ்ஜியைக் கொண்டுவந்து வைத்தது. மேசைக்கு எதிரே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முன்நினைவில் முகங்கள் கலங்கலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சிரிப்பு தெளிவாகக் கேட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல் மூக்கு வழியாக வெடித்து, மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிற சிரிப்பு. அதை இன்னொரு முறை கேட்பதற்கு ஆயுள் சம்பளத்தையும் கொடுத்துவிடலாம் போலிருந்தது.

பியூலாதான், வேறு யார். நான்கு வருடமாக ஒரே அறை, ஒரே சோப்பு, ஒரே சண்டை. செவ்வாயில் தண்டவாளம் போடும் வேலைக்கு அவள் எப்போதோ சரி சொல்லிவிட்டாள். தேர்வு முடிந்ததும் கிளம்பிவிடுவாள். அதை நினைத்தபோது பிரஷ்ஷோடு நின்ற செண்பகத்துக்கு மறுபடியும் கண் நிறைந்தது.

பதினோரு மணிக்கு வேலைவாய்ப்பு அலுவலர் சண்முகக்கனியின் அறைக்குப் போனாள்.

"நிலாதான் சார். தேம்பித் தேம்பி அழுதேன்."

"அப்படின்னா கேள்வியே இல்லம்மா. பொட்டக் குடு, பதிஞ்சிருவோம்."

அவர் பொட்டை வாங்கிக் கருவியில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இது நிலா இல்லையேம்மா. செவ்வாய் ரயில்வேல்லா. பேரும் பியூலா ஞானசெல்வம்னு காட்டுது."

செண்பகத்துக்குச் சட்டென்று புரிந்தது. எல்லாம் அந்தக் குளியலறைக் கண்ணாடியால் வந்த வினை. முகம் கழுவும்போது பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவைக்கும் பழக்கம் மட்டும் எந்த நூற்றாண்டிலும் நம் பெண்களை விட்டுப் போவதாக இல்லை. குங்குமப் பொட்டே வைத்தறியாத பியூலாவுக்குக்கூட அது தொற்றிக்கொண்டிருந்தது. காலைத் தூக்கக் கலக்கத்தில் செண்பகம் பக்கத்துப் பொட்டைப் பிய்த்து எடுத்திருக்கிறாள்.

"ஆனா நான் ரயிலே பாக்கலியே சார். ஒரு நாற்காலியும் சுவரும்தான இருந்துச்சு?"

"ரயிலக் காட்டினா ஆள் வராதும்மா. ஆரம்பத்துல வேலையத்தான் காட்டிக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தரும் சேரல. இப்ப நாற்காலியும் சுவரும்தான் கம்பெனி பொறுப்பு. மிச்சத்த உங்க மனசுல இருந்தே எடுத்துக்கிடுது."

அவர் சொன்னதில் பாதிதான் அவள் காதில் விழுந்தது. அது பியூலாவின் நினைவு என்றால், மேசைக்கு எதிரே உட்கார்ந்து மூக்கால் சிரித்தவள் பியூலா இல்லை, தானேதான். தன் குரலைப் பதிவில் கேட்டால் யாருக்குமே அடையாளம் தெரியாது. தன் சிரிப்பு எப்படிக் கேட்கும் என்று செண்பகத்துக்கு இதுவரை தெரிந்ததில்லை; எதிரே இருப்பது பியூலா என்று எண்ணியதால் சிரிப்பும் அவளுடையதாகவே கேட்டிருக்கிறது. ஆயுளெல்லாம் உழைத்து ஓய்ந்து, ஏதோ ஒரு செந்நிறப் பாலைவனத்தில் உட்கார்ந்திருக்கும் பியூலா, அந்தச் சிரிப்பைத்தான் தேடப் போகிறாள். செண்பகம் அலுவலரின் எதிரில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதாள்.

அவர் பொட்டைக் கருவியிலிருந்து எடுத்தார். "நிலாப் பொட்டு அந்தக் கண்ணாடிலதான் இருக்கும். ஒட்டிப் பாத்துட்டு வாம்மா. நேரம் கெடக்கு."

"வேண்டாம் சார். பவளத் தோட்டம்னே போட்டுருங்க. எங்க போனாலும் இந்தக் கேன்டீனத்தான் நெனைக்கப் போறோம். வளைகுடான்னா படகு ஏறி நேரா வந்துரலாம்."

"நானும் அதுக்காகத்தான் படிச்ச காலேஜிலேயே வேலைக்குச் சேர்ந்தேன்" என்றார் சண்முகக்கனி, பதிவைச் செய்துகொண்டே. "இந்தா, கீழ் மாடிலதான் இருக்கு கேன்டீன். போயி எவ்வளவோ நாளாச்சு. டீ ரூமுக்கே வந்துருது பாத்துக்க."

செண்பகம் பியூலாவின் பொட்டை வாங்கிக்கொண்டு படிகளில் தடதடவென்று இறங்கினாள். நினைத்து அழுவதற்கு ஆயுள் முழுக்க நேரமிருக்கிறது. பியூலா இன்னும் இங்கேதான் இருக்கிறாள். தானும் இருக்கிறாள், சிரிப்பும் இருக்கிறது. இன்றைக்கே, இப்போதே, எதிரும் புதிருமாக உட்கார்ந்து கடைசி பஜ்ஜிக்குச் சண்டை போட வேண்டும்.

கேன்டீனில் இறுதியாண்டு வகுப்பு முழுவதும் கூடியிருந்தது. ஆனாலும் சத்தமே இல்லை. மேசைக்கு மேசை எல்லோரும் கண்ணை மூடி, நெற்றிப்பொட்டில் குங்கும நிறத்தோடு, கன்னம் நனைய உட்கார்ந்திருந்தார்கள். கட்டடம் சாய்ந்தபோது அத்தனை தம்ளர்களிலும் ஆடை படிந்த தேநீர் ஒருசேரச் சாய்ந்தது. "ஆறிட்டு, சூடா மாத்தித் தரட்டா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே போனது அண்ணாச்சி. ஓரத்து மேசையில் ஒருவன் அண்ணாச்சியின் பஜ்ஜியை நினைத்து விம்மிக்கொண்டிருந்தான். அவன் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு தட்டு பஜ்ஜி தொடப்படாமல் கிடந்தது.

ஜன்னலோரம் பியூலா இருந்தாள். கண்ணாடியில் தன்னுடையதைக் காணாமல், பக்கத்தில் இருந்த செண்பகத்தின் நிலாப் பொட்டை எடுத்து ஒட்டியிருந்தாள். வித்தியாசம் தெரிந்ததாகத் தெரியவில்லை. தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது.

செண்பகம் எதிரே போய் உட்கார்ந்து மேசையைத் தட்டினாள்.

"ஏட்டி பியூலா. நான் நிலாவுக்குப் போகல. கண்ணத் தொற, டீ குடிப்போம்."

பியூலா கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் உயர்த்தித் தடுத்தாள்.

"சத்தம் போடாத ட்டி. இப்பதான் நீ கேன்டீனுக்குள்ள வார."