ஆறு மணி நேரம், நான்கு நிமிடம்

பிற்பகல் 3.05. மருத்துவமனைக் கிடங்கின் குளிர்பெட்டியில் இருந்த ஒரே குப்பி மருந்தைக் காணவில்லை. நாலு மணிக்குள் அதை ஏழாம் படுக்கைக் குழந்தைக்கு ஏற்றியாக வேண்டும். எடுக்கப் போன நர்ஸ் வெறுங்கையோடு திரும்பினாள். பழி அவள் தலையிலேயே விழுந்தது.

"வீடியோவைப் பாருங்க மேடம்," என்று மருத்துவமனை வாசல் காவல் நிலையத்திலிருந்து ஓடிவந்த இன்ஸ்பெக்டரிடம் சொன்னார் கேமரா அறைக்காரர். கிடங்கு வாசலில் ஒன்பதிலிருந்து மூன்று வரை பதிவானதை அவருடைய மடிக்கணினி நான்கே நிமிடமாகச் சுருக்கியிருந்தது. "வேண்டாததை அதுவே கழிச்சிடும்."

எது வேண்டாதது என்று அதற்கு யார் சொன்னார்களோ!

சுருக்கத்தில் இரண்டே பேர். ஒன்பது மணிக்குக் கிடங்குக்காரர். மூன்று மணிக்கு நர்ஸ்.

"நான் எடுக்கலை மேடம். அந்தக் குழந்தையை நாலு நாளா நான்தான் பாத்துக்கறேன்."

3.15. கிடங்கில், குளிர்பெட்டி மேல் வெப்பநிலைக் குறிப்பேடு கிடந்தது. ஒன்பது முதல் இரண்டு வரை, மணிக்கொன்றாகக் கிடங்குக்காரரின் ஆறு கையெழுத்துகள். முதல் இரண்டும் முத்து முத்தாக. பதினொன்றிலிருந்து கோழிக் கிறுக்கல். பக்கத்தில் நின்ற அவரோ வலது கையைப் பேன்ட் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"ஆறு தடவை உள்ள போயிருக்காரு. வீடியோல ஒரு தடவைதான் வர்றாரு?"

"அதே ஆள், அதே வேலை... திரும்பத் திரும்ப வந்தா ஒண்ணை மட்டும் வெச்சுக்கும் மேடம்."

"பதினோரு மணியை முழுசா போடுங்க."

வெறுங்கையோடு உள்ளே போன கிடங்குக்காரர், வலது உள்ளங்கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"கையை வெளியில எடுங்க. அப்பவே குப்பியை உடைச்சுட்டீங்க. கையைக் கிழிச்சிருச்சு. அதுக்கப்புறம் இடது கையால கையெழுத்து."

கிடங்குக்காரர் கையை வெளியே எடுத்தார்; உள்ளங்கையில் அதே கைக்குட்டை. "வழுக்கிடுச்சும்மா. வேலை போயிடும்னு பயந்துட்டேன். சுருக்கத்துல பதினோரு மணிக்கு நான் வந்தது இல்லைன்னதும் வாயை மூடிக்கிட்டேன்."

"வேற எங்க கிடைக்கும்?"

"பெரிய ஆஸ்பத்திரில. போய்வர ரெண்டு மணி நேரம்."

"பதினோரு மணிக்கே சொல்லியிருந்தா ஒரு மணிக்கு வந்திருக்குமேண்ணே!" நர்ஸ் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

3.24. சைரன் போட்டு வண்டியை விடச் சொன்னார் இன்ஸ்பெக்டர். பறந்தாலும் ஐந்துக்கு முன்னால் வராது என்று அவருக்குத் தெரியும், இருந்தாலும் சொன்னார்.

நர்ஸ் கிடங்குக் கதவைத் திறந்தால் குழந்தையின் அம்மா நின்றிருந்தாள்.

"மருந்து கிடைச்சிருச்சா சிஸ்டர்?"

"வந்துட்டே இருக்கும்மா," என்றாள் நர்ஸ்.