ஒத்துக்கொண்ட மாத்திரை

பழைய வீடுதான், ஆனால் சத்தமில்லாத தெரு. இரவெல்லாம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்க வேண்டியவனுக்கு வேறென்ன வேண்டும்? குடிவந்த அன்றே ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் திரை மாட்டினான். தூக்கம் மட்டும் வருவேனா என்றது.

டாக்டர் முதலில் கொடுத்த மாத்திரை, அடித்துப் போட்டாற்போல் தூங்க வைத்தது. சில நாள் கழித்து மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவன் தூக்கத்தில் எழுந்துபோய், அடுத்த அறையில் மகளின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறானாம். கூப்பிட்டால் திரும்புவதில்லையாம்.

அன்றே டாக்டரிடம் ஓடினான். தன்னையறியாமல் பிள்ளையை ஏதாவது செய்துவிட்டால்?

அந்த மாத்திரையில் சிலருக்கு அப்படி நடப்பதுண்டு என்று டாக்டர் வேறொன்று எழுதிக் கொடுத்தார். இதில் எழுந்து நடக்கமாட்டான், ஆனால் தூக்கம் லேசாகத்தான் இருக்கும் என்றார்.

லேசாகத்தான் இருந்தது. மனைவியின் கையைப் பிடித்தபடி இருட்டில் கிடந்தான்.

அடுத்த அறையில் நாற்காலி இழுபட்டது.

பிடித்திருந்த கை சில்லிட்டுப் போனது.

"அப்ப அங்க உக்காந்தது நீங்க இல்லையா?"

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. தொட்டால் சூடு.

வேறு வீடு கிடைக்கும்வரை மகளைத் தான் பார்த்துக்கொள்வதாக மனைவி சொன்னாள். தூங்காமல் கிரேன் ஏறினால் யார் தலையிலாவது சரக்குப் பெட்டியை இறக்கிவிடுவான் என்று, டாக்டர் தந்த மூன்றாவது மாத்திரையைத் தன் கையாலேயே கொடுத்தாள். எல்லாவற்றிலும் கடுமையானது அது. அவன் நாக்கடியில் ஒளித்து வைத்து, அவள் குளிக்கப் போனதும் துப்பினான். மகளின் அறைக்குப் போய், அது வருவதற்குமுன் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தான்.

ஈரத்துணி வாடை அடித்தது.

அவன் படுக்கையிலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது.

அவனுடைய குறட்டை.

எழப் பார்த்தான், கால் அசையவில்லை. கத்தினான், குரல் வரவில்லை. ஈரத்தலையோடு வந்த மனைவி, வாசற்படியிலேயே அவனைப் பார்த்து உறைந்து நின்றாள்.

"என்னங்க, எழுந்து வாங்க," என்று படுக்கையறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "அது வந்து உக்காந்திருக்கு."

குறட்டை நின்றது. அவனுடைய செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. அவன் முகத்தோடு வந்தவன் குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டான்.

அந்தத் தோளுக்கு மேலே குழந்தை கண் விழித்தாள். நாற்காலியை நோக்கிக் கை நீட்டினாள்.

"அப்பா."

"அது அப்பா இல்லடி," என்று தாய் அவள் கண்ணைப் பொத்தினாள்.

மறுநாளே வீடு மாறினார்கள். மூன்றாவது மாத்திரைதான் அவருக்கு ஒத்துக்கொண்டது என்று மனைவி டாக்டரிடம் நன்றி சொன்னாள். நாற்காலியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.