நாற்பது வினாடி

கடையநல்லூரிலிருந்து ஜாஹிரா பீவி என்ற அம்மாள் போன் செய்தபோது மதியம் இரண்டரை. சவூதியில் தமாமில் வேலை பார்க்கும் அவள் மகன், சாப்பாட்டு நேரத்தில் கட்டிலில் சாய்ந்துகொண்டு போனில் குற்றாலத்து அருவி பார்ப்பானாம்.

"தண்ணி நல்லாத்தான் விழுது. ஆனா அங்கன ஒரு பொம்பள நிக்குதால்லா, பச்சைச் சேலை? மூணு நாளா நவராம நிக்குதாளாம். அவளுக்குக் குளிராதாம்மான்னு எம்மவன் கேக்குதான்."

"பழைய படம் மாட்டிக்கிடும்மா. சரி பண்ணிருதேன்" என்று செல்லப்பா போனை வைத்தான். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. பிறகுதான் மேசையைப் பார்த்தான். அருவி காமிரா அங்கேதான் கிடந்தது, வயர் சுற்றி, கண்ணாடியில் பூஞ்சை பூத்து. கழற்றிக் கொண்டுவந்து பத்து நாளாகிறது.

லாட்ஜின் மாடியறை அது. வெளியே சாரல் விடாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஈரத் துணியும் மிளகாய் பஜ்ஜி எண்ணெயும் கலந்த வாடை படியேறி வந்து அறையிலேயே தங்கிவிட்டிருந்தது. சர்வர் பெட்டியின் விசிறி, சளி பிடித்தவன் மூக்கைப்போல விட்டுவிட்டு இரைந்தது. கீழே வாசலில் லாட்ஜ் முதலாளி தாணுமாலயன் அண்ணாச்சியின் போர்டு: 'தென்னகத்தின் முதல் சர்வதேச நேரலை அருவி'. அண்ணாச்சிக்குச் சொந்தமான எஸ்டேட்டில், பாறை இடுக்கில் விழும் ஒரு சின்ன அருவிக்குத்தான் இத்தனை பட்டம். திறப்பு விழாவில் சர்வருக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, காமிராவின் கண்ணிலேயே சந்தனமும் வைத்தார். முதல்நாள் முழுக்க உலகம் அருவியை மஞ்சளாகப் பார்த்தது.

நேரலை என்றாலும் நாற்பது வினாடி பிந்தித்தான் போகும் என்று செல்லப்பா அவரிடம் அன்றைக்கே சொன்னான். படத்தை ஆறாறு வினாடித் துண்டாக வெட்டி, சுருக்கி, வரிசையில் நிறுத்தி அனுப்ப அவ்வளவு நேரம் பிடிக்கும்.

"நாப்பது செகண்டுல என்னலே ஆயிரப் போவுது?" என்றார் அண்ணாச்சி.

காமிரா இல்லாத நாட்களில் ஓடுவது பழைய பதிவு. வெயில் நாளில் எடுத்த நாற்பது நிமிடம், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. செல்லப்பாவுக்கு அது மனப்பாடம். ஏழாவது நிமிடம் ஒரு குரங்கு வரும். இருபதாவதில் ஒரு பலாயிலை மிதந்து போகும். மனிதர் யாரும் வரமாட்டார்கள்.

லைவைத் திறந்தான்.

குரங்கு வந்தது. போனது. பாறையின் இடப்பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு, பச்சைச் சேலை. ஈரக் கூந்தல் இடுப்புவரை. இடது தோளில் ரவிக்கை தையல் விட்டு, வெள்ளை நூலால் அவசரமாகத் தைத்திருந்தது.

அந்த வெள்ளை நூலை ஊசியில் கோத்துக் கொடுத்தவன் செல்லப்பாதான்.

போன ஆடியில் ஒரு வியாழக்கிழமை. யாரோ பெரிய மனிதர் லாட்ஜுக்கு வந்திருந்த நேரத்தில், படத்தைச் சுருக்கும் பெட்டி புகைந்து போனது. "பழசை ஓட்டுலே. தண்ணியில தேதியா எழுதியிருக்கு?" என்றார் அண்ணாச்சி. ஓட்டினான். அப்போது வடகரையிலிருந்து அவன் மனைவி முப்பிடாதி கூப்பிட்டாள். "ஏங்க, தண்ணி எப்படி இருக்கு? குளிக்க வரட்டா?" கையில் ஸ்க்ரூடிரைவர், தோளில் போன், பின்னால் அண்ணாச்சி. "லைவ்ல பாத்துக்கிடேன்" என்றான். பார்த்திருக்கிறாள். வெயிலும் முழங்காலளவுத் தண்ணீருமாக. மலையில் பெய்த மழை செம்மண் நிறத்தில் இறங்கியபோது அவள் பாறையில் நின்றிருந்தாள். இரண்டு நாள் கழித்துக் கால்வாய் மதகில் கிடைத்தாள்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த பிறகு மகள் நிவேதா கேட்டாள். "எப்பா, அம்மா லைவ் பாக்காமயா போனா?"

"ஆமா" என்றான்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அதற்குமேல் கேட்கவில்லை. ஊரும் கேட்கவில்லை. கவனமில்லாதவள் என்று செத்தவள் தலையில் போட்டுவிட்டு எல்லோரும் எழுந்து போனார்கள். அவனும்தான்.

இப்போது பதிவின் நீளத்தைப் பார்த்தான். நாற்பது நிமிடம் பதினெட்டு வினாடி. மூன்று நாளில் மூன்று துண்டு கூடியிருந்தது. அழித்தான். நிரலை நிறுத்தினான். காமிராவிலிருந்து வரும் வழியை அடைத்தான். துண்டுகளின் பட்டியல் காலியாகி வெண்மையாக நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு அதில் ஒரு புதிய துண்டு வந்து விழுந்தது. ஆறு வினாடி கழித்து இன்னொன்று. எங்கிருந்தும் வராத படம், ஒழுங்காக, நேரம் தவறாமல், எந்தச் சம்பளக்காரனும் செய்யாத ஒழுங்கோடு வந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு துண்டிலும் அவள் முகம் கொஞ்சம் திரும்பியிருந்தது. காது தெரிந்தது. பிறகு கன்னம்.

யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்று தேடினான். மூன்று பேர். ஒன்று தமாம். ஒன்று கீழே கல்லாவில் அண்ணாச்சியின் டேப்லெட். மூன்றாவது எண் அவனே மாட்டிக் கொடுத்த இணைப்பு. வடகரை, அவன் வீடு. மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

மழைக்காக இன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வடகரை மறைந்து மூன்று இரண்டானது.

வீட்டுக்குப் போன் போட்டான். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான். வீட்டிலிருந்து எஸ்டேட் அருவிக்குச் சைக்கிளில் இருபது நிமிடம். படியில் இறங்கி ஓடினான். வாசலில் அண்ணாச்சி குடைக்குள்ளிருந்து, "ஏலே, ரோட்டுல இடுப்பளவு தண்ணி போவுது, பஸ்ஸே நிக்கி. எங்கலே ஓடுத?" என்றார். பைக் இரண்டு தெரு தாண்டி அணைந்தது. தள்ளிக்கொண்டே திரும்பினான். எஸ்டேட் காவலாளி பாண்டிக்குப் போட்டான். பாண்டி போனை அணைத்து வைத்திருந்தான். மறுபடி மாடி. மறுபடி திரை. வேறு எங்கிருந்து மகளைப் பார்ப்பது?

திரையில் வெயில். முப்பிடாதி மட்டும்.

போன் அடித்தது. நிவேதா.

"எப்பா." அவள் குரலுக்குப் பின்னால் மலையே இடிந்து விழுவதுபோல இரைச்சல். "அம்மா இங்கனதான் நிக்குதா. லைவ்ல தண்ணி கொஞ்சமாத்தான் இருந்துச்சுப்பா. இங்கன வந்து பாத்தா..."

"ஏட்டி, மேல ஏறு. அது லைவ் இல்ல. பழசு. ஏறுட்டி."

"அன்னைக்கு?"

அவன் திரையில் முப்பிடாதியைப் பார்த்தான்.

"எப்பா, அன்னைக்கும் பழசா?"

"ஆமாட்டி."

"அப்ப அம்மா பாத்துட்டுத்தான் வந்தாளா?"

"பாத்துட்டுத்தான் வந்தா."

போன் அணையவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும். "நிவேதா" என்றான். தண்ணீர். "மக்களே" என்றான். தண்ணீர்.

திரையின் வலது ஓரத்தில் சைக்கிளின் முன்சக்கரம் எட்டிப் பார்த்தது.

மஞ்சள் சுடிதார். அவள் சைக்கிளைப் பாறையில் சாய்த்தாள். போனைக் காதில் வைத்தாள். உதடு அசைந்தது. எப்பா. அவனுக்குத் தெரியும். எல்லாம் தெரியும். நாற்பது வினாடிக்கு முன் கேட்டு முடித்த பேச்சு.

திரையைத் தட்டினான். ஏறு என்றான். ஏறு.

திரையில் அவள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் உதடு, அன்னைக்கு, என்றது. அவன் சொன்ன பதில் திரையில் இன்னும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. வந்துகொண்டிருந்தது. அவன் எண்ணினான். ஐந்து. நான்கு.

சேர்ந்தது.

மகளின் முகத்தை அவன் பார்த்தான்.

அவள் போனைக் காதிலிருந்து இறக்கினாள். பச்சைச் சேலை முழுவதும் திரும்பியது. கை நீண்டது. பிள்ளை பிடித்துக்கொண்டாள்.

இருவரும் அவனையே பார்த்து நின்றார்கள். ஒரு பலாயிலை அவர்கள் காலைச் சுற்றிக்கொண்டு மிதந்து போனது. தண்ணீர் முழங்காலுக்குக்கூட வரவில்லை. நல்ல வெயில். காதில் இரைச்சல். திரையின் மூலையில், அண்ணாச்சி ஆசைப்பட்ட சிவப்பு எழுத்தில், 'நேரலை'.